மேடை விளக்குகளின் நெட்வொர்க் இணைப்பில் கோளாறா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ஆரணி, குடியாத்தம் வட்டாரங்களில் கோயில் திருவிழா, பாரதக் கூத்து, கல்லூரி விழா, கல்யாண வரவேற்பு ஆகியவற்றுக்கு விளக்கு கட்டும் தொழிலில் இருப்பவர்களில் பலர் இப்போது நெட்வொர்க் வழியாக விளக்குகளை இயக்குகிறார்கள். விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் பழைய முறையான டிஎம்எக்ஸ் ஒயரில் கைதேர்ந்தவர்களுக்கும் இந்த இடத்தில் தடுமாற்றம் வருகிறது. விழா தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது தொலைபேசியில் அழைத்து அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை, கேட்ட பேச்சிலேயே இங்கே எழுதி, அப்போது அவசரத்தில் சொல்ல முடியாததை நிதானமாகச் சொல்லியிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முதல் ஐந்து பதில்களைச் சார்ந்து நிற்பதால் அவற்றை முதலில் படித்துவிடுவது நல்லது.

1. ஒரு டிஎம்எக்ஸ் ஒயர் இழுத்தாலே லைட் எல்லாம் எரியுதே, நெட்வொர்க் எதுக்குண்ணா?

1986-இல் வகுக்கப்பட்ட டிஎம்எக்ஸ் முறையில் ஓர் ஒயரில் 512 சேனல்கள் (விளக்கின் வெளிச்சம், நிறம், திசை என ஒவ்வொன்றையும் இயக்கும் தனித்தனிக் கட்டளைகள்) மட்டுமே செல்லும். அந்த 512 சேனல்களும் சேர்ந்தது ஒரு யூனிவர்ஸ். தலையைத் திருப்பி ஒளி பாய்ச்சும் மூவிங் ஹெட் விளக்கு ஒன்று 16 சேனல்களை எடுத்துக்கொண்டால் 32 மூவிங் ஹெட்டுகளோடு அந்த ஒயர் நிரம்பிவிடும். புள்ளி புள்ளியாகத் தனித்தனியே எரியும் பிக்சல் பார் போன்றவை அதைவிட வேகமாக நிரப்பும். நெட்வொர்க் கேபிள் ஒன்றிலேயே பல யூனிவர்ஸ்களை அனுப்பலாம். மேடைக்குப் பக்கத்தில் வைக்கும் நோடு என்னும் பெட்டி அவற்றைப் பிரித்து மறுபடியும் டிஎம்எக்ஸ் ஒயர்களாகக் கொடுக்கும்.

உங்கள் மேடையில் 12 எல்இடி பார் லைட்டுகளும் 4 மூவிங் ஹெட்டுகளும் மட்டும் இருந்தால் 512 சேனல்களில் பாதிகூடத் தேவைப்படாது. அந்த அளவு வேலைக்கு நெட்வொர்க் வேண்டாம் என்பதே என் கருத்து. பழுதாகக்கூடிய பெட்டிகள் குறைவாக இருப்பது கிராமத்து விழாவில் பெரிய வசதி.

2. நோடுல பச்சை லைட்டு மினுக்குது, ஆனா மேடையில ஒன்னுமே எரியல. கேபிள் சரியாத்தானே கீது?

அந்தப் பச்சை விளக்கு கேபிளின் இரு முனையில் உள்ள பெட்டிகளும் மின்னளவில் ஒன்றையொன்று உணர்ந்துவிட்டன என்பதை மட்டுமே காட்டும். விளக்குகளை இயக்கும் பலகையான கன்சோல் அனுப்பும் செய்தி நோடைச் சேர்ந்ததா, சேர்ந்த செய்தியை நோடு தனக்குரியதாக எடுத்துக்கொண்டதா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. எனக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு குழப்பத்தில் தொடங்கியவை.

சோதனையை மூன்று படிகளாகச் செய்யுங்கள்: முதலில் கேபிள், பிறகு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய எண்), கடைசியாக யூனிவர்ஸ் எண். பச்சை விளக்கு எரிந்தால் முதல் படி ஏறக்குறைய முடிந்தது. அடுத்து, ஒரு லேப்டாப்பை அதே ஸ்விட்ச்சில் (நெட்வொர்க் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி) செருகி, நோடின் முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) கொடுத்துப் பாருங்கள். பதில் வந்தால் யூனிவர்ஸைப் பாருங்கள். வராவிட்டால் அடுத்த கேள்விக்கான பதிலைப் படியுங்கள். இந்த வரிசையை மாற்றி, முதலிலேயே கன்சோலின் அமைப்புகளைக் கலைக்கத் தொடங்குகிறவர்கள் ஒரு கோளாறோடு இன்னொரு கோளாறையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

3. ஐபி நம்பர் என்ன போடணும்? எல்லாத்துக்கும் ஒரே நம்பர் போட்டா ஆவாதா?

ஆகாது. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் கடிதம் எந்த வீட்டுக்குப் போகும் என்று தபால்காரருக்குத் தெரியாதது போலத்தான் இதுவும். ஐபி முகவரியில் ஒரு பகுதி தெருப் பெயர், மீதிப் பகுதி கதவு எண். எதுவரை தெருப் பெயர் என்று சொல்வது சப்நெட் மாஸ்க். தெரு எல்லாக் கருவிகளுக்கும் ஒன்றாகவும், கதவு எண் ஒவ்வொன்றுக்கும் வேறாகவும் இருக்க வேண்டும்.

டிஎம்எக்ஸ் செய்தியை நெட்வொர்க்கில் அனுப்பும் ஆர்ட்நெட் முறையை உருவாக்கிய ஆர்ட்டிஸ்டிக் லைசன்ஸ் நிறுவனம் 2 அல்லது 10 என்று தொடங்கும் முகவரிகளையும் 255.0.0.0 என்ற மாஸ்க்கையும் வகுத்தது. நான் கன்சோலுக்கு 2.0.0.1, நோடுகளுக்கு 2.0.0.11, 2.0.0.12 என்று வரிசையாக, லேப்டாப்புக்கு 2.0.0.50 என்று கொடுத்து, எல்லாவற்றுக்கும் மாஸ்க்கை 255.0.0.0 என்றே வைக்கிறேன். 192.168 என்று தொடங்கும் முகவரிகளையும் இன்றைய கருவிகளில் பெரும்பாலானவை ஏற்கும். எந்தத் தெருவாக இருந்தாலும் எல்லாரும் அதே தெருவில் இருப்பதுதான் முக்கியம்.

மாஸ்க்கைப் பற்றிக் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே இதில் ஒரு மாலை முழுவதும் சிக்கியிருக்கிறேன். காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரி விழாவில் கன்சோலுக்கு 255.0.0.0 என்றும் ஒரு நோடுக்கு 255.255.255.0 என்றும் போட்டுவிட்டேன். பிங் கொடுத்தால் பதில் வந்தது; விளக்கு மட்டும் எரியவில்லை. காரணம் இதுதான்: ஆர்ட்நெட்டில் எல்லாருக்கும் பொதுவாக அனுப்பும் செய்தியைக் கன்சோல் 2.255.255.255 என்ற முகவரிக்கு அனுப்பியது. நோடோ, தன் மாஸ்க்கின்படி 2.0.0.255 என்பதையே பொது முகவரி என்று எண்ணிக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிட்டது. ஆகவே பிங் வந்தும் விளக்கு எரியாவிட்டால், யூனிவர்ஸுக்குப் போகும் முன் மாஸ்க்கை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. லேப்டாப்புல நான் போடாமலே 169.254-ன்னு ஏதோ நம்பர் வந்து நிக்குது. அது என்ன?

தானாக முகவரி வாங்கும்படி லேப்டாப் அமைக்கப்பட்டிருக்கிறது, முகவரி கொடுக்க வலையில் யாரும் இல்லை, அதனால் அது தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். மேலே சொன்னபடி கையால் முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.

ரவுட்டர் ஒன்றை வைத்து எல்லாவற்றுக்கும் தானாக முகவரி கொடுக்கச் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். அப்படிக் கொடுக்கப்படும் முகவரி ஒரு கால அளவுக்கு வாடகைக்குக் கொடுப்பது போன்றது. சில வீட்டு ரவுட்டர்களில் அந்தக் காலம் இரண்டே மணி நேரம். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் கூத்தில், நடுவே ரவுட்டர் அணைந்துபோனால் அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. வாடகைக் காலம் முடிந்த பிறகுதான் நோடு முகவரியை இழக்கும். நள்ளிரவில் காரணம் தெரியாமல் விழிப்பதைவிட, மாலையிலேயே நிலையான முகவரியைப் போட்டு, அதை ஒரு தாளில் எழுதி நோடின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவிடுவது மேல்.

5. பிங் வருது, மாஸ்க்கும் சரி. ஆனா நான் ஒரு லைட்டைத் தூக்கினா வேற லைட்டு எரியுது, இல்லன்னா எதுவுமே எரியல.

இது யூனிவர்ஸ் எண்ணில் உள்ள பிசகு. ஆர்ட்நெட் சுழியத்திலிருந்து எண்ணும். எஸ்ஏசிஎன் என்ற மற்றொரு முறை 1-இலிருந்து எண்ணும். கன்சோலின் திரையில் யூனிவர்ஸ் 1 என்று இருப்பது சில கன்சோல்களில் ஆர்ட்நெட் 0 ஆகவும் வேறு சிலவற்றில் ஆர்ட்நெட் 1 ஆகவும் வெளியே போகும். நோடில் எண்ணை ஒன்று கூட்டியும் ஒன்று குறைத்தும் பார்த்தால் பெரும்பாலும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஆர்ட்நெட்டில் இன்னொரு பெயர்க் குழப்பமும் இருக்கிறது. அதில் யூனிவர்ஸ் முகவரியானது நெட், சப்நெட், யூனிவர்ஸ் என்று மூன்று பகுதிகளாக எழுதப்படும்; 128 நெட், ஒவ்வொன்றிலும் 16 சப்நெட், ஒவ்வொரு சப்நெட்டிலும் 16 யூனிவர்ஸ் என 32,768 வரை எண்ணலாம். இந்தச் சப்நெட்டுக்கும் மூன்றாம் பதிலில் சொன்ன சப்நெட் மாஸ்க்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பதினேழாவது யூனிவர்ஸ் என்பது சப்நெட் 1, யூனிவர்ஸ் 0. பதினாறு வரை நன்றாக எரிந்து அதற்கு மேல் எரியவில்லை என்றால் இந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

6. ஆர்ட்நெட் போடறதா, எஸ்ஏசிஎன் போடறதா? எது நல்லது?

கன்சோலும் நோடும் எதை நன்றாக ஆதரிக்கின்றனவோ அதுவே நல்லது. சில யூனிவர்ஸ்களோடு முடியும் வேலைக்கு ஆர்ட்நெட் போதும். எஸ்ஏசிஎன்னில் 0 முதல் 200 வரை முன்னுரிமை எண் கொடுக்க முடியும்; சாதாரணமாக அது 100 ஆக இருக்கும். மாற்றுக் கன்சோல் ஒன்றை 90 என்று வைத்துவிட்டால், முதல் கன்சோல் நின்றதும் நோடு சில நொடிகளில் மாற்றுக் கன்சோலை எடுத்துக்கொள்ளும். இரண்டு முறைகளையும் ஒரே நோடின் ஒரே வெளியீட்டுக்கு ஒருசேர அனுப்பாதீர்கள்.

7. போட்டதும் நல்லா ஓடுது, நாலஞ்சு நிமிஷத்துல நின்னுடுது. நோடை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா மறுபடி நாலஞ்சு நிமிஷம் ஓடுது. நோடு போயிடுச்சா?

நோடை மாற்றுவதற்கு முன் ஸ்விட்ச்சைப் பாருங்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, எஸ்ஏசிஎன் போட்டிருக்கிறீர்களா என்பதுதான். ஆம் என்பார்கள். ஸ்விட்ச் புதியதா, அமைப்புகளை மாற்றக்கூடிய வகையா என்று கேட்டால் அதற்கும் ஆம் என்பார்கள்.

எஸ்ஏசிஎன் செய்தி ஒவ்வொரு யூனிவர்ஸுக்கும் ஒரு குழு முகவரிக்கு அனுப்பப்படுகிறது. அந்த யூனிவர்ஸ் வேண்டுமென்கிற நோடு, தொடக்கத்தில் தன்னை அந்தக் குழுவில் சேர்த்துக்கொள்ளும்படி சொல்கிறது. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற வசதியுள்ள ஸ்விட்ச் அதைக் கேட்டு, எந்த முனையில் யாருக்கு எந்தக் குழு வேண்டும் என்று குறித்துவைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கு மட்டும் செய்தியை அனுப்பும். இந்தக் குறிப்புக்கு ஆயுள் உண்டு. பொதுவாக 260 நொடிகள். அதற்குள் யாராவது ஒருவர் ‘இன்னும் யாருக்கெல்லாம் வேண்டும்?’ என்று கேட்டால் நோடுகள் மறுபடி பதில் சொல்லும், குறிப்பும் புதுப்பிக்கப்படும். அப்படிக் கேட்பவரைக் குவெரியர் என்பார்கள். சிறிய மேடை வலையில் குவெரியர் இருப்பதில்லை. யாரும் கேட்காததால் நோடும் சொல்வதில்லை. நான்கு நிமிடங்களைக் கடந்ததும் ஸ்விட்ச் குறிப்பை அழித்துவிட்டு, செய்தியை நிறுத்திவிடுகிறது. நோடை அணைத்துப் போட்டால் அது மறுபடி குழுவில் சேர்வதால் இன்னொரு நான்கு நிமிடங்கள் கிடைக்கின்றன.

ஸ்விட்ச்சின் அமைப்பில் குவெரியரை இயக்கிவிடுவது சரியான தீர்வு. அது இல்லாத ஸ்விட்ச்சானால் ஸ்னூப்பிங்கை நிறுத்திவிடுங்கள். சில யூனிவர்ஸ்களுக்கு அதனால் பாதகம் வராது. கைவசம் நேரமே இல்லையென்றால் எந்த அமைப்பும் இல்லாத சாதாரண ஸ்விட்ச் ஒன்றை மாற்றிப் போடுங்கள். இந்த ஒரு கோளாறுக்காக நல்ல நோடுகளைப் பழுது பார்க்கச் சென்னைக்கு அனுப்பியவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

8. போன்ல வைஃபை போட்டு ஓட்றேன். சாயங்காலம் செக் பண்ணப்ப சூப்பரா இருந்துச்சு, கூட்டம் வந்ததும் திக்கித் திக்கி ஓடுது. ஏன்?

கூட்டமே காரணம். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா போன்ற ஒரு நாளில் மைதானத்தில் நிற்கும் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது. அவற்றில் பல வைஃபை தேடிக்கொண்டே இருக்கின்றன. மனித உடலில் உள்ள நீர் அந்த அலைகளை விழுங்கவும் செய்கிறது. காலியான மைதானத்தில் மாலை நான்கு மணிக்குச் செய்த சோதனை இரவு ஒன்பது மணிக்குப் பொருந்தாது.

இன்னொரு காரணம், எல்லாருக்கும் பொதுவாக அனுப்பப்படும் செய்தியை வைஃபை குறைந்த வேகத்தில் அனுப்புகிறது. வழியில் அது தொலைந்தால் திருப்பி அனுப்புவதும் இல்லை. ஆர்ட்நெட்டில் அப்படிப்பட்ட செய்திகள் நொடிக்கு 40 முறைவரை போகின்றன. ஆகவே நிகழ்ச்சியைக் கேபிளில் ஓட்டுங்கள். மேடையில் நின்று விளக்கின் திசையைச் சரிபார்க்கும் வேலைக்கு மட்டும் வைஃபையை வைத்துக்கொண்டு, கூட்டம் வரும் முன் அதை அணைத்துவிடுங்கள். வேறு வழியே இல்லாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்தி, ரவுட்டரை ஆட்களின் தலைக்கு மேலே உயரமாகக் கட்டுங்கள்.

9. லேன் கேபிள் எவ்ளோ தூரம் இழுக்கலாம்?

ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிவரை 100 மீட்டர். மைதானத்தில் கன்சோலுக்கும் மேடைக்கும் நேர்த் தூரம் 60 மீட்டராக இருந்தாலும், சனங்கள் நடக்கும் பாதையை விட்டு வேலியோரமாகச் சுற்றி, கம்பத்தில் ஏறி இறங்கும்போது அது 100-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் நடுவில் ஒரு ஸ்விட்ச் வைக்க வேண்டும். அதற்கும் மின்சாரம் வேண்டும் என்பதால் ஃபைபர் கேபிள் வாடகைக்குக் கிடைத்தால் அதுவே மேல். சித்திரை, வைகாசி மாலைகளில் இடி மழை இறங்கும் நம் ஊர்ப் பக்கம், திறந்த வெளியில் நீளமான செம்புக் கேபிளைவிட ஃபைபர் பாதுகாப்பானதும்கூட.

மலிவாகக் கிடைக்கும் சில கேபிள்களின் உள்ளே செம்பு பூசிய அலுமினியக் கம்பி இருக்கும். சுருட்டிச் சுருட்டி விரிக்கும் நம் தொழிலில் அது சீக்கிரம் உள்ளே முறிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. முழுச் செம்புக் கேபிளையே வாங்குங்கள், அதை மின்சார ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், கிளம்பும் முன் ஒவ்வொன்றையும் டெஸ்டரில் போட்டுப் பாருங்கள்.

10. வெயில்ல ஸ்விட்ச் தொங்கிப் போவுமா?

போகும். வேலூரில் கோடையில் 40 டிகிரிக்கு மேல் காய்கிறது. வெயிலில் கிடக்கும் இரும்புப் பெட்டிக்குள் அதைவிட அதிகம். நிழலில், காற்றுப் படும்படி, தரையிலிருந்து தூக்கி வையுங்கள்.

11. ஒன்னு போனா இன்னொன்னு இருக்கட்டும்னு ரெண்டு ஸ்விட்ச்சுக்கும் நடுவுல ரெண்டு கேபிள் போட்டேன். அதுக்கப்புறம் எல்லாமே நின்னுடுச்சு.

நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் சாதாரண ஸ்விட்ச்சில் இரண்டு கேபிள்கள் சேர்ந்து ஒரு வளையமாகிவிடும். பொதுவாக அனுப்பிய செய்தி அந்த வளையத்தில் முடிவில்லாமல் சுற்றி, வலையை அடைத்துவிடும். ஸ்விட்ச்சில் எல்லா முனைகளின் விளக்குகளும் ஒன்றுபோல வெறிபிடித்தாற்போல் மினுக்கினால் இதுதான் அடையாளம். ஒரு கேபிளைப் பிடுங்கியதும் சரியாகிவிடும். மாற்றுக் கேபிளை இழுத்துத் தயாராக வைத்து, இரு முனைகளிலும் சிவப்பு டேப் சுற்றி, செருகாமல் விட்டுவையுங்கள்.

12. ஜெனரேட்டர் மாத்தறப்ப எல்லாம் போவுது. கரண்ட் வந்தும் ஒரு நிமிஷம் கன்ட்ரோல் வரல, அது ஏன்?

விளக்குக்கு மின்சாரம் வந்ததும் உயிர் வரும். கன்சோல், ஸ்விட்ச், நோடு ஆகியவை சிறு கணினிகள் என்பதால் அவை எழுந்திருக்க நேரமாகும். அமைப்புகளை மாற்றக்கூடிய ஸ்விட்ச்சாக இருந்தால், பதினோராம் பதிலில் சொன்ன வளையம் எங்கேனும் இருக்கிறதா என்று சோதிப்பதற்காகவே ஒவ்வொரு முனையையும் 30 நொடிகள் அடைத்துவைக்கக்கூடும். இந்த மூன்று பெட்டிகளுக்கும் சேர்த்து ஒரு சிறிய யூபிஎஸ் போதும். அவை இழுக்கும் மின்சாரம் குறைவுதான்.

ஜெனரேட்டரைப் பற்றியே ஒரு சொல். நியூட்ரல் தளர்ந்திருந்தால் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 300-க்கும் மேலே ஏறி, எல்லாக் கருவிகளையும் ஒரே நொடியில் எரித்துவிடும். எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டரில் அளந்து பார்க்காமல் ஒரு பிளக்கையும் செருகாதீர்கள். பெட்டிகளைவிட, கம்பத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஆட்களின் உயிர் பெரிது.

13. லேப்டாப் சாஃப்ட்வேர்ல இருந்து அனுப்பறேன், கேபிளும் ஐபியும் சரியா கீது, ஒன்னும் போவல.

லேப்டாப்பில் வைஃபையும் கேபிளும் ஒரே சமயத்தில் இயங்கினால் மென்பொருள் தவறான வழியில் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கலாம். வைஃபையை அணைத்துவிட்டு, மென்பொருளின் அமைப்பில் கேபிள் இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகும் போகாவிட்டால், செய்திகளைத் தடுக்கும் பாதுகாப்பு மென்பொருளான ஃபயர்வாலைப் பாருங்கள். ஆர்ட்நெட் 6454 என்ற போர்ட்டையும் (செய்தி போகும் வாசல்) எஸ்ஏசிஎன் 5568-ஐயும் பயன்படுத்துகின்றன; அவற்றை அது அடைத்திருக்கக் கூடாது.

14. எல்லாம் எரியுது, ஆனா மூவிங் ஹெட் துடிக்குது. இது நெட்வொர்க் கோளாறா, டிஎம்எக்ஸ் கோளாறா?

துடிப்பது எல்லா நோடுகளின் விளக்குகளுமா, ஒரு ஒயரில் இருப்பவை மட்டுமா என்று எட்ட நின்று பாருங்கள். ஓர் ஒயர் மட்டும் துடித்தால் அது பழைய டிஎம்எக்ஸ் சங்கதி: கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் (ஒயரின் முனையில் செருகும் மின்தடை) இருக்கிறதா, ஓர் ஒயரில் 32 கருவிகளுக்கு மேல் கோத்திருக்கிறீர்களா, யாராவது மைக் கேபிளைப் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள்.

எல்லா இடத்திலும் துடித்தால், ஒரே யூனிவர்ஸுக்கு இரண்டு பேர் செய்தி அனுப்புகிறார்களா என்று தேடுங்கள். மாலையில் சோதனைக்காகத் திறந்த லேப்டாப் மூடப்படாமல் ஒரு மூலையில் அனுப்பிக்கொண்டே இருந்ததை நான் இரண்டு முறை கண்டுபிடித்திருக்கிறேன். நோடு இருவர் சொல்வதையும் கலந்து வெளியே கொடுக்கும். அல்லது மாறி மாறி இருவர் பேச்சையும் கேட்கும்.

15. ஷோ நடந்துகினு இருக்கறப்ப போயிடுச்சு. மொதல்ல எதைத் தொடணும்?

முதலில் மேடைக்கு வெளிச்சம் கொடுங்கள். கூத்து மேடையில் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய வேடக்காரர் சுழன்று ஆடும்போது இருட்டானால் அவர் விழுந்துவிடுவார். இதற்காகவே நான் எந்த நெட்வொர்க்கிலும் சேராத இரண்டு வெள்ளை விளக்குகளைத் தனி மின் சுவிட்சில் கட்டி, அந்தச் சுவிட்சை என் கைக்கு எட்டும்படி வைக்கிறேன். எவ்வளவு பெரிய மேடையானாலும் இதை நான் விடுவதில்லை.

அதன் பிறகு, போனது ஒரு நோடா எல்லா நோடுகளுமா என்று பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் அந்த நோடின் மின்சாரமும் கேபிளும். யாரோ காலில் இடறிப் பிடுங்கியிருப்பார்கள். எல்லாம் என்றால் ஸ்விட்ச்சின் மின்சாரம், பிறகு கன்சோலிலிருந்து ஸ்விட்ச்சுக்கு வரும் கேபிள். சிவப்பு டேப் சுற்றிய மாற்றுக் கேபிள் இங்கே கைகொடுக்கும். இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் ஸ்விட்ச்சை அணைத்துப் போடுங்கள். கன்சோலை அணைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. அதுவும் அன்றைய ஷோ கோப்பு பென்டிரைவில் சேமிக்கப்பட்டு உங்கள் சட்டைப்பையில் இருந்தால் மட்டும்.